கழிமுகத்துச் சிப்பியும் கூட்டுறவு விதியும்

உழவருக்கு நிலம் உண்டு. நிலத்துக்கு வரப்பும் பட்டாவும் உண்டு. நெசவாளருக்குத் தறி உண்டு. தறியைக் காக்க வீடும் கதவும் உண்டு. ஆகவே இவ்விரு தொழிலாளரும் தத்தம் தொழிற்கருவியைத் தம்முடையது என்று சொல்லிக்கொள்ள முடிகிறது. கடற்கரைக் கழிமுகங்களிலும் காயல்களிலும் இடுப்பளவு நீரில் நின்று மட்டியும் சிப்பியும் எடுத்துப் பிழைப்போருக்கோ வரப்பும் இல்லை, கதவும் இல்லை. இன்று இளஞ்சிப்பி என்று இரங்கி ஒருவர் விட்டுவைத்ததை நாளைக் காலையில் வேறொருவர் எடுத்துச் சென்றுவிடலாம். “நாம் விட்டால் பிறர் எடுப்பர்” என்ற அச்சம் ஒவ்வொருவர் உள்ளத்திலும் புகுந்துவிட்டால், பொதுச் சொத்து எதுவாயினும் விரைவில் வெறும் மணலாகிவிடும்.

இந்த அச்சத்தைப் போக்கும் வழி யாது என்பதே இக்கட்டுரையின் பொருள். சிப்பி எடுக்கும் தொழிலை நெல்லும் நூலும் அறிந்த அங்கத்தினர்களுக்கு எடுத்துரைப்பது ஏன் என்று சிலர் கேட்கக்கூடும். ஊர்தோறும் சென்று சங்கக் கணக்குகளைப் பார்வையிடும் நமக்கு, கூட்டுறவின் அடிப்படை விதிகள் இத்தொழிலில் விளங்கித் தோன்றுவது போல வேறெங்கும் தோன்றவில்லை. அன்றியும், கழிமுகத்துச் சிப்பியின் வாழ்வும் தாழ்வும் மேட்டு நிலத்து உழவர், நெசவாளர் கையிலும் ஓரளவு இருக்கிறது. அது எவ்வாறு என்பதைப் பின்னர்க் காண்போம்.

அடையாற்று முகம்

சென்னையின் தென்பகுதியில், பெசன்ட் நகருக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் இடையே அடையாறு கடலோடு கலக்கிறது. ஆதனூர், மணிமங்கலம், செம்பரம்பாக்கம் முதலிய ஏரிகளின் மிகைநீரைச் சுமந்து சுமார் 42 கிலோமீட்டர் ஓடிவரும் சிறிய ஆறு அது. தென்கரையில் பிரம்மஞான சபையின் பெருந்தோப்பும், அதனை அடுத்து ஊரூர் ஆல்காட் குப்பமும் இருக்கின்றன. குப்பத்து மக்கள் ஆற்றைக் கடந்து செல்வதற்காக 1967-ஆம் ஆண்டில் கட்டப்பெற்று, 1977-இல் இடிந்துபோன பாலம் இன்றும் ‘உடைந்த பாலம்’ என்ற பெயரோடு அங்கு நிற்பதை நகரத்தார் அனைவரும் அறிவர்.

ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் இத்தகைய இடமே மட்டிக்கு உகந்த வயல். மட்டி என்பது இரண்டு ஓடுகளைக் கதவுபோல் மூடிக்கொண்டு, சேறு கலந்த மணலில் விரற்கடை ஆழத்தில் புதைந்து வாழும் சிறு பிராணி. வழவழப்பான, முக்கோணம் போன்ற அதன் ஓட்டைக் கடற்கரையில் விளையாடும் சிறுவர்களும் அறிவர். பாறையிலும் பாலத்தூணிலும் ஒட்டி வளரும் மற்றோர் இனம் உணவுச் சிப்பி. அதற்கு 1916-ஆம் ஆண்டில் வழங்கப்பெற்ற விஞ்ஞானப் பெயரிலேயே ‘மதராசென்சிஸ்’ என்று நமது நகரின் பெயர் சேர்ந்திருக்கிறது. சென்னைக் கழிமுகங்களுக்கும் சிப்பிக்கும் உள்ள உறவுக்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

மட்டி எடுப்பதற்கு முதலீடு மிகக் குறைவு. நீர் வடியும் வேளையில் இறங்கி, காலால் தடவிப் பார்த்து, கையால் எடுத்து, இடுப்பில் கட்டிய கூடையிலோ மிதக்கும் பாத்திரத்திலோ போட்டுக்கொள்ள வேண்டியதுதான். படகும் வலையும் வாங்க இயலாதவருக்கு, சிறப்பாகப் பெண்களுக்கு, இதுவே கைம்முதல் வேண்டாத தொழில். சதை உணவாகும், ஓடு சுண்ணாம்புக் காளவாய்க்குப் போகும். சலவைக்கல்போல் மெருகேறும் சென்னைச் சுண்ணாம்புப் பூச்சு ஒரு காலத்தில் உலகப் புகழ் பெற்றிருந்தது. அப்பூச்சின் மூலப்பொருள் கிளிஞ்சலே. பழவேற்காட்டு ஏரிப் பகுதியிலிருந்து கிளிஞ்சல் ஏற்றிய படகுகள் பக்கிங்காம் கால்வாய் வழியே நகருக்கு வந்துகொண்டிருந்தன.

இன்று அடையாற்று முகத்தின் நிலை யாவரும் அறிந்ததே. நகரத்தின் சாக்கடை ஆற்றில் கலக்கிறது. ஆண்டின் பெரும்பகுதியில் தெற்கிலிருந்து வடக்காக அலைகள் தள்ளிவரும் மணல், கோடையில் ஆற்றுவாயை அடைத்துவிடுகிறது. வாய் அடைபட்டால் கடல் நீர் உள்ளே வருவதில்லை. தேங்கிய நீர் கறுத்துப் போகிறது. இத்தகைய நீரில் வளரும் மட்டி உண்ணத் தக்கதன்று. கையால் எடுத்துக் கூடையில் போட்டுக்கொண்டிருந்த உணவு, அளவு குறைந்து கெட்டதோடு, குணமும் கெட்டு நிற்கிறது. இந்நிலை ஏன் வந்தது, வாராமற் காத்தவர்கள் எங்கேனும் உண்டா என்று தேடிப் பார்த்தால், நான்கு விதிகள் கிடைக்கின்றன. அவை வயது, காலம், முறை, நீர் என்பன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் விதி: வயது

மட்டிக்கும் உணவுச் சிப்பிக்கும் உறவான ஓர் இனம் மேனாட்டார் ‘ஸ்காலப்’ என்று அழைக்கும் விசிறிச் சிப்பி. விரித்த விசிறிபோல் மடிப்பு மடிப்பாக அமைந்த ஓடு அதற்கு உண்டு. மற்றச் சிப்பிகள் ஓரிடத்தில் கிடக்க, இது ஓடுகளைத் தட்டித் தட்டி நீரில் நீந்தும். ஓட்டின் விளிம்பிலே வரிசையாகச் சிறு கண்களும் உண்டு. அமெரிக்காவின் கீழ்க்கடற்கரையில், நான்டக்கெட் என்னும் தீவில், ஆழமில்லாத உப்பங்கழியில் வளரும் விசிறிச் சிப்பியைச் சிறு படகுக்காரர்கள் குளிர்காலத்தில் எடுத்து வருகின்றனர்.

அச்சிப்பியின் ஆயுள் ஏறத்தாழ இரண்டு ஆண்டே. முதலாண்டு கழிந்த கோடையில் ஒரு முறை முட்டையிடும். அடுத்த கோடை வருமுன் பெரும்பாலும் மடிந்துவிடும். குளிர்காலத்தில் அதன் வளர்ச்சி நின்று, பின் மீண்டும் தொடங்கும்போது ஓட்டின்மேல் ஒரு வரம்பு எழும்புகிறது. அவ்வரம்பு உள்ள சிப்பியையே எடுக்கலாம். வரம்பில்லாததை உடனே நீரில் விட்டுவிட வேண்டும் என்பது அங்கு விதி. வரம்புள்ளது முட்டையிட்டு முடித்த கிழச் சிப்பி. நாம் எடுக்காவிடினும் சாகப்போவது. வரம்பில்லாதது வரும் ஆண்டின் விதை நெல். எழுத்தறியாதவரும் விரலால் தடவியே அறியத்தக்க விதி இது. பருவம் நவம்பர் முதல் மார்ச் வரை. உரிமம் பெற்றவர் ஒரு நாளில் எடுக்கும் மரக்கால் அளவுக்கும் உச்ச வரம்பு உண்டு. குளிர் மிகக் கடுமையான நாட்களில் சிப்பி எடுப்பதே தடை. ஏனெனில் அரிப்பில் மேலே வந்த இளஞ்சிப்பி உறைபனிக் காற்றுப் பட்டால் திரும்பி நீரில் விட்டாலும் பிழைக்காது.

விதி நல்லதா என்பதை அறிய நமக்கு ஓர் எளிய உரைகல் உண்டு. விதியைக் கடைப்பிடிப்பவர் அதன் காரணத்தைத் தம் மனைவி மக்களுக்கு ஒரு வாக்கியத்தில் எடுத்துச் சொல்ல முடியுமானால் அது நிலைக்கும். நான்டக்கெட் விதி அத்தகையது.

இரண்டாம் விதி: காலம்

இனி அண்டை நாட்டுக்கு, அதாவது கேரளத்துக்கு வருவோம். கொல்லம் மாவட்டத்து அஷ்டமுடிக் காயலில் மஞ்சள் நிறக் கால் உடைய ஒரு மட்டியினம் செழித்து வளர்ந்தது. 1980-களின் தொடக்கத்தில் அதன் சதைக்கு வெளிநாட்டுச் சந்தை கிடைத்தது. எடுப்போர் பெருகினர்; 1991-இல் ஆண்டு மகசூல் ஏறத்தாழ 10 ஆயிரம் டன்னைத் தொட்டது; இரண்டே ஆண்டுகளில் பாதியாக வீழ்ந்தது. பெரிய மட்டி கிடைக்காதபோது பொடி மட்டியை அள்ளத் தொடங்கினர். முதலைக் கரைத்து வட்டி என்று எண்ணிச் செலவிடும் சங்கம் எத்தனை நாள் நடக்கும்?

1993-இல் மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தாரின் யோசனைப்படி மூன்று கட்டுப்பாடுகள் வந்தன. மட்டி முட்டையிடும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை எடுப்பது கூடாது. வலைக்கண் 30 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது. மூன்றாவது கட்டுப்பாடு நம் நெசவாள அங்கத்தினர்களுக்கு மிக எளிதில் விளங்கும். நூலுக்கு நம்பர் இருப்பதுபோல் மட்டிச் சதைக்கும் எண்ணிக்கை உண்டு. நூலின் நம்பர் ஏறஏற இழை மெல்லியதாகும். ஒரு கிலோ சதையில் அடங்கும் மட்டிகளின் எண்ணிக்கை ஏறஏற மட்டி பொடியாகும். கிலோவுக்கு 1,400-க்கு மேற்பட்ட பொடிச் சதை ஏற்றுமதிக்கு ஆகாது என்று வரையறுத்தனர். நீரில் நின்று காவல் காப்பதைவிட வாங்கும் இடத்தில் எண்ணிப் பார்ப்பது எளிது. வாங்குவோர் இல்லாத பொடி மட்டியை எடுப்போரும் இலர்.

பலன் கைமேல் கிடைத்தது. மட்டி மீண்டும் பெருகியது. 2014-ஆம் ஆண்டு நவம்பரில், நெடுங்காலம் நிலைக்கத்தக்க முறையில் நடைபெறும் மீன்வளத்துக்கு உலக அளவில் வழங்கப்படும் சான்றிதழ் இந்தியாவிலேயே முதன்முதலாக அஷ்டமுடி மட்டித் தொழிலுக்குக் கிடைத்தது. விதியைச் சர்க்கார் மட்டும் விதித்திருந்தால் இது நடந்திராது. மட்டி எடுப்போர், வியாபாரிகள், அதிகாரிகள், விஞ்ஞானிகள் ஆகிய அனைவரும் ஒரே குழுவில் அமர்ந்து பேசியதாலேயே நடந்தது.

தமிழ்நாட்டின் கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடை உள்ளது. அது கடல் மீனுக்காக அமைந்த காலம். கழிமுகத்து மட்டிக்கு அதன் முட்டைப் பருவத்தை ஒட்டித் தனியே காலம் குறிப்பது அவசியம். அதனை அவ்வக் கழிமுகத்தில் எடுப்போரே விஞ்ஞானிகளின் துணையோடு குறிக்க வேண்டும்.

மூன்றாம் விதி: முறை

வயதும் காலமும் பார்த்தாலும், யார் எங்கே எடுப்பது என்பதில் சண்டை எழுந்தால் விதி சிதைந்துபோகும். ஜப்பானின் வடகோடித் தீவான ஹொக்கைடோவில் சரோமா என்ற உப்பங்கழி உண்டு. கடலுக்கும் கழிக்கும் இடையே நீண்ட மணல் திட்டு. நம் அடையாற்று வாய்போலவே அதன் வாயும் பருவந்தோறும் மணலால் அடைபட்டு வந்தது. கரையோரத்தார் ஆண்டுதோறும் கூடி வெட்டித் திறப்பர். 1929-இல் நிலையான வாய் ஒன்று வெட்டப்பட்டது. கடல் நீர் தடையின்றிப் புகவே, கழி விசிறிச் சிப்பிக்கு உகந்த இடமாயிற்று.

ஜப்பானில் 1948-இல் மீனவர் கூட்டுறவுச் சட்டமும் 1949-இல் மீன்பிடிச் சட்டமும் இயற்றப்பட்டன. அவற்றின்படி கரையோர நீர்ப்பரப்பில் சிப்பி எடுக்கும் உரிமை தனி மனிதருக்கு அன்றி, அவ்வூர் மீனவர் கூட்டுறவுச் சங்கத்துக்கே அளிக்கப்படுகிறது. சங்கத்தின் அங்கத்தினர் சங்க விதிப்படி அதனை அனுபவிக்கலாம். சரோமாவில் எத்தனை சிப்பி வளர்க்கலாம் என்பதைக் கழியின் தாங்குதிறன் பார்த்துச் சங்கமே நிர்ணயிக்கிறது. கழியை அடுத்த கடலில் தொக்கோரோ என்னும் ஊர்ச் சங்கத்தார் தம் பரப்பை நான்கு பாத்திகளாகப் பிரித்துள்ளனர். ஆண்டுக்கு ஒரு பாத்தியில் அறுவடை. அறுத்த பாத்தியில் சிப்பியின் பகையான நட்சத்திர மீனைக் களைந்து, கழியில் வளர்த்த ஓராண்டுக் குஞ்சுகளை விதைக்கின்றனர். அப்பாத்தியின் முறை மீண்டும் வரும்போது சிப்பி முற்றியிருக்கும். பயிர்ச் சுழற்சி அறிந்த நம் உழவர்களுக்கு இது புதிதன்று.

அக்குஞ்சு சேகரிக்கும் கருவியும் சிறு தொழிலாளரின் கண்டுபிடிப்பே. நீரில் மிதந்து திரியும் சிப்பிக் குஞ்சு ஒட்டிக்கொள்ளத் தழையைத் தொங்கவிட்டனர். ஒட்டிய குஞ்சு சற்று வளர்ந்ததும் உதிர்ந்து போயிற்று. 1960-களில் மீனவர் ஒருவர் அத்தழையை வெங்காயம் கட்டும் வலைச் சாக்கினுள் இட்டுத் தொங்கவிட்டார். உள்ளே புகுந்த குஞ்சு பெருத்தபின் வெளியே உதிர வழியில்லாமற் போயிற்று. ஜப்பானின் விசிறிச் சிப்பித் தொழில் பல மடங்கு பெருகியதற்கு அந்தச் சாக்கும் ஒரு காரணம்.

வியத்நாம் நாட்டில் பென் திரே பகுதிச் சேற்றுத் திட்டுகளில் வளர்வது அடையாற்று மட்டியின் நெருங்கிய உறவினம். அங்கும் திட்டுகளின் பொறுப்பைக் கூட்டுறவுச் சங்கங்கள் ஏற்று, காவல் வைத்து, கையால் எடுத்து, வருவாயைப் பங்கிட்டு வந்தன. 2009-இல் அத்தொழிலுக்கும் மேற்கூறிய உலகச் சான்றிதழ் கிடைத்தது.

நம் நாட்டிலும் இந்த ஞானம் இல்லாமல் இல்லை. சென்னைக்கு வடக்கே பழவேற்காட்டு ஏரியில் ‘பாடு’ என்ற முறை தலைமுறை தலைமுறையாக வழங்கி வருகிறது. வளமான வலைத்தலங்களை ஊரார் பிரித்து, தலைக்கட்டுக் கணக்கில் சீட்டுப் போட்டு, இன்றைக்கு இன்னார், நாளைக்கு இன்னார் என்று முறைவைத்து இறால் பிடிப்பர். நல்ல இடம் ஒருவருக்கே நிலைத்துவிடுவதில்லை. இதில் குறையும் உண்டு என்பதை மறைத்தல் ஆகாது. பாட்டு உரிமை ஊர் ஆண்களுக்கே உரியது. பெண்களும், கையால் தடவி இறாலும் மட்டியும் எடுக்கும் இருளர் போன்றோரும் அம்முறைக்கு வெளியே நிற்கின்றனர். கதவு திறந்த அங்கத்துவம் கூட்டுறவின் முதல் கொள்கை. பாட்டின் நேர்மையும் கூட்டுறவின் திறந்த கதவும் ஒன்றுசேருமானால் அதனினும் சிறந்த அமைப்பு வேறு இராது.

மறந்துபோன மரபு

இவ்விடத்தில் ஒரு வரலாற்றை அங்கத்தினர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறோம். சென்னை மாகாணத்தில் விவசாய வங்கிகள் நிறுவ இயலுமா என்று ஆராய்ந்து, 1895-லும் 1897-லும் இரு பகுதிகளாக அறிக்கை அளித்தவர் சர் பிரெடரிக் நிக்கல்சன். ஜெர்மனியின் ரெய்பைசன் வகுத்த கிராமச் சங்கங்களே நமக்கு வழிகாட்டி என்று அவர் வற்புறுத்தினார். 1904-இல் கூட்டுறவுச் சட்டம் பிறந்தது. திருவள்ளூரை அடுத்த திரூரில் முதற் சங்கம் அவ்வாண்டே தோன்றியது. கூட்டுறவாளர் நிக்கல்சனை இதற்காகப் போற்றுவர். ஆயின் அதே நிக்கல்சன்தான் பின்னர் சென்னை மீன்துறைக்கும் தலைமை ஏற்று அடிகோலினார் என்பதைப் பலர் அறியார். கடன் சங்கத்தையும் கடல் தொழிலையும் அவர் வேறுவேறாகக் கருதவில்லை.

அம்மீன்துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் என்ற அறிஞர் 1910-ஆம் ஆண்டளவில் பழவேற்காட்டில் உணவுச் சிப்பி வளர்க்கும் முயற்சியைத் தொடங்கினார். இந்தியாவில் அதுவே முதல் முயற்சி. பின்னர் அது மங்கிவிட்டது. 1970-களில் தூத்துக்குடியில் மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் ஓடுகளைச் சரமாகக் கோத்துப் பரணில் தொங்கவிட்டு உணவுச் சிப்பி வளர்க்கும் வழியைச் செம்மைப்படுத்தினர். 1990-களின் பிற்பகுதியில் கேரளத்தின் காசர்கோடு பகுதிக் காயல்களில் பெண்கள் குழுக்களாகச் சேர்ந்து கடன் பெற்று, கயிற்றில் கல்லுமேக்காய் வளர்க்கத் தொடங்கினர். நிலமில்லாத பெண்கள் நீரில் பயிர் செய்து, கடனையும் அடைத்தனர். ஆகவே, வழி தெரியவில்லை என்ற சொல்லுக்கு இடமில்லை.

நான்காம் விதி: நீர்

மேற்கூறிய மூன்று விதிகளும் எடுப்போர் கையில் உள்ளவை. நான்காவது அவர்கள் கையில் இல்லை. இதுவே இத்தொழிலின் பெருந்துயரம்.

மட்டியும் சிப்பியும் இரை தேடி அலைவதில்லை. நீரை உள்ளிழுத்து, அதில் மிதக்கும் நுண்ணுயிர்களை வடிகட்டி உண்டு, நீரை வெளியே விடுகின்றன. வளர்ந்த உணவுச் சிப்பி ஒன்று சாதகமான நிலையில் நாளொன்றுக்கு நூறு லிட்டருக்கும் மேலாக வடிகட்ட வல்லது. ஆகவே, அது நீரைத் தூய்மை செய்யும் தொண்டன். அதே காரணத்தால் நீரில் உள்ள கிருமியும் நஞ்சும் அதன் உடலில் சேர்ந்துவிடுகின்றன. தூய கடல் நீர் ஓடும் தொட்டியில் ஒன்றிரண்டு நாட்கள் வைத்திருந்தால் கிருமிகள் குறையும். ஈயம், காட்மியம் போன்ற உலோகங்கள் அவ்வளவு எளிதில் நீங்கா. மேனாடுகளில் சிப்பி எடுக்கும் நீர்ப்பரப்பை அடிக்கடி சோதித்து, வகுப்பு வகுப்பாகப் பிரித்து, தகாத பரப்பை மூடிவிடுகின்றனர்.

நீர் கெட்டால் நல்ல விதிகளும் உதவா என்பதற்கு அமெரிக்காவின் லாங் ஐலண்டுக் கழிகள் சான்று. விசிறிச் சிப்பிக்குப் பெயர்பெற்ற அக்கழிகளில் 1985-இல் ஒருவகை நுண்பாசி பெருகி நீர் பழுப்பாயிற்று. சிப்பித் தொழில் அடியோடு சாய்ந்தது. பல்லாண்டு முயன்று குஞ்சு விட்டு வளர்த்துச் சற்றே தலைதூக்கிய வேளையில், 2019-இல் வளர்ந்த சிப்பிகளிற் பெரும்பாலானவை மடிந்தன. கடல் நீர் சூடேறியது அதற்கு ஒரு காரணமாகக் கூறப்படுகிறது. எடுப்போர் செய்த தவறு அன்று அது.

கேரளத்து வேம்பநாட்டுக் காயலின் கதை நம் உழவர்கள் சிந்திக்கத் தக்கது. அங்கே கறுப்புக் கக்கா என்னும் மட்டியை ஆயிரக்கணக்கானோர் எடுத்து, சுண்ணாம்புச் சிப்பிக் கூட்டுறவுச் சங்கங்கள் வழியாக ஓட்டை விற்று வந்தனர். குட்டநாட்டு நெற்பயிரைக் கோடையில் உப்பு நீரிலிருந்து காக்கத் தண்ணீர்முக்கம் அணை 1976-இல் பயனுக்கு வந்தது. நெல்லுக்கு அது நன்மை. ஆனால் சிறிதளவேனும் உப்பு இல்லாமற் கக்கா இனம் பெருகுவதில்லை. ஆகவே அணைக்குத் தெற்கே கக்கா குறைந்தது. காயல் முழுவதிலும் 2006-இல் சுமார் 75 ஆயிரம் டன்னாக இருந்த மகசூல் 2019-இல் சுமார் 42 ஆயிரம் டன்னாக இறங்கியது. உழவர் சங்கமும் கக்காச் சங்கமும் ஒரே காயலின் கரையில் இருந்தும், கதவை என்று மூடுவது, என்று திறப்பது என்பதில் இருவர் நலமும் முரண்பட்டு நிற்கின்றன. இருவரும் கூட்டுறவாளரே. ஒருவர் வரவு மற்றவர் செலவாக எழுதப்படுகிறது.

போதாக்குறைக்குப் புதிய பகை ஒன்றும் வந்திருக்கிறது. தென்னமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட ஒருவகைச் சிப்பி கேரளக் காயல்களிலும், நம் எண்ணூர், பழவேற்காட்டு நீர்நிலைகளிலும் பரவிவிட்டது. எண்ணூர் மீனவர் அதனைக் ‘காக்கா ஆழி’ என்பர். அது கம்பளம் விரித்தாற்போல் அடித்தரையை மூடி, மஞ்சள் மட்டியையும் இறாலையும் இடம்பெயரச் செய்கிறது. அயல்நாட்டுக் கப்பல்களின் வழியாக வந்திருக்கக் கூடும் என்று கருதப்படுகிறது. சான்றிதழ் பெற்ற அஷ்டமுடியிலும் அண்மை ஆண்டுகளில் மட்டி மீண்டும் குறைந்து, ஆராய்ச்சி நிலையத்தார் குஞ்சுகளை விட்டு வளத்தைப் பெருக்க முயன்று வருகின்றனர். முதல் மூன்று விதிகளையும் காத்த ஊரே நான்காவதால் தள்ளாடுகிறது.

நம் கடமை

இப்போது முதலில் எழுந்த கேள்விக்கு விடை கூறலாம். அடையாறு தொடங்குவது ஏரிகளில். அவ்வேரிகள் வெட்டப்பட்டது உழவருக்காக. வயலில் மிகையாக இட்ட உரம் மழை நீரோடு ஆற்றில் இறங்குகிறது; சாயப்பட்டறைக் கழிவு விட்ட இடத்திலேயே நிற்பதில்லை. நொய்யல் ஆற்றில் திருப்பூர்ச் சாயக் கழிவு கலந்து, 1992-இல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, கீழ்நிலத்து வயல்கள் பாழானதையும், 2011-இல் சென்னை உயர்நீதிமன்றம் அங்குள்ள சாயப்பட்டறைகளை மூடுமாறு உத்தரவிட்டதையும் அங்கத்தினர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அங்கே நெசவுத் தொழிலால் உழவர் வாடினர். கழிமுகத்திலோ இவ்விருவரோடு நகரத்தாரும் சேர்ந்து விடும் கழிவால் மட்டிக்காரர் வாடுகிறார். ஆற்றில் யார் கீழே நிற்கிறாரோ அவரே எல்லோருடைய கடனையும் அடைக்கிறார்.

ஆகவே கீழ்க்காணும் யோசனைகளைக் கழிமுகத்துச் சங்கங்களும் மேட்டு நிலத்துச் சங்கங்களும் பொதுக்குழுவில் வைத்து ஆராய வேண்டுகிறோம்.

முதலாவதாக, மட்டி எடுப்போர் அனைவரையும், படகு இல்லாத பெண்களையும் விடாமல், மீனவர் சங்கத்தில் அங்கத்தினராகச் சேர்க்க வேண்டும். வெளியே நிற்பவர் ஒருவர் இருப்பினும் உள்ளே உள்ளவர் விதியைக் காக்கத் துணியார்.

இரண்டாவதாக, எடுக்கத்தக்க அளவுக்கு ஒரு வளையம் செய்து ஒவ்வொருவர் கையிலும் கொடுக்கலாம். அவ்வளையத்தில் நழுவி விழும் மட்டி மறுபடி நீருக்கே உரியது. செலவில்லாத இந்த அளவுகோலைக் குழந்தையும் பயன்படுத்தலாம்.

மூன்றாவதாக, மட்டியைச் சங்கமே எடைபோட்டு வாங்க வேண்டும். தரகரிடம் முன்பணம் பெற்றவர் பொடி மட்டியையும் அள்ளியே தீர வேண்டிய நிலைக்குத் தள்ளப்படுகிறார். முட்டைப் பருவத்தில் எடுக்கக் கூடாது என்று தடை விதிக்கும் சங்கம், அம்மாதங்களுக்குச் சிறு கடனோ சேமிப்பிலிருந்து உதவியோ தராவிட்டால் அத்தடை ஏட்டில் மட்டுமே இருக்கும். பசித்த வயிறு காலண்டர் பார்ப்பதில்லை.

நான்காவதாக, நீரைச் சோதித்து முடிவை ஊரார் படிக்கும்படி சங்கப் பலகையில் எழுத வேண்டும். அடையாறு போன்ற இடங்களில் நீர் தேறும் வரை மட்டியை உணவுக்கு எடுக்கவே கூடாது, விற்கவும் கூடாது. உண்பவர் ஒருவர் நோயுற்றால் கடற்கரை முழுவதன் நாணயமும் கெடும்.

ஐந்தாவதாக, ஓர் ஆற்றின் கரையில் உள்ள உழவர், நெசவாளர், மீனவர் சங்கங்களின் பிரதிநிதிகள் ஆண்டுக்கு இரு முறையேனும் ஓரிடத்தில் கூட வேண்டும். ஏரி மதகை என்று திறப்பது, சாயக் கழிவை எங்ஙனம் தூய்மை செய்வது, ஆற்றுவாய் மணலை எப்போது அகற்றக் கோருவது என்பவற்றைச் சேர்ந்து தீர்மானிக்க வேண்டும். தனித்தனியே விண்ணப்பம் எழுதினால் கோப்பில் உறங்கும். மூன்று தொழிலாரும் ஒரே தீர்மானத்தில் கையொப்பமிட்டால், அதனைப் புறக்கணிப்பது எவருக்கும் எளிதன்று.

2015-ஆம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்தில் அடையாறு கரைபுரண்டபோது, ஏரிக்கரையில் நடந்தது பெசன்ட் நகர் முகத்துவாரத்தில் எதிரொலிக்கும் என்பதை அனைவரும் ஒரே இரவில் கற்றுக்கொண்டோம். வெள்ளத்தில் தெரிந்த உறவு கோடையில் மறைந்துவிடுவதில்லை. மட்டி மிகச் சிறிய பிராணி. அதை நம்பி வாழ்வோரும் சிறு தொழிலாளரே. அவர்கள் கூடையில் மீண்டும் உண்ணத்தக்க மட்டி விழும் நாளில், மேலே உள்ள வயலின் கால்வாயும் சாயத்தொட்டியின் வடிகாலும் தூய்மையடைந்திருக்கும். அந்நாளை விரைவில் கொணரும் பொறுப்பு கரைமேல் உள்ள நம்மையும் சேர்ந்தது. அடுத்த பொதுக்குழுவின் நிகழ்ச்சி நிரலில் இதற்கென ஒரு வரி இடம்பெறுமாறு ஒவ்வொரு சங்கத்தையும் கேட்டுக்கொள்கிறோம்.